போக அனுமதி கேட்டவர்கள்: சோவியத் யூதர்களின் போராட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தலைமுறைத் தமிழர்களுக்குச் சோவியத் ஒன்றியம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான தாள்கள். பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட அதைவிட நல்ல காகிதம் அன்று கிடைக்காது. கோதுமை வயல், விண்வெளி வீரர், கன்னம் சிவந்த குழந்தைகள் என்று பக்கத்துக்குப் பக்கம் படங்கள் இருக்கும். வெளிநாடு போக விண்ணப்பம் கொடுத்த குற்றத்துக்காக வேலையை இழந்து, கொதிகலன் அறையில் இரவுக் காவல் பார்த்த இயற்பியலாளர் ஒருவரின் படத்தை நான் அதில் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் கேட்கிற கேள்விகளையும் என்னால் இயன்ற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

'அத்காஸ்னிக்' என்றால் யார்?

ரஷ்ய மொழியில் 'அத்காஸ்' என்றால் மறுப்பு. நாட்டை விட்டு வெளியேற அனுமதி கேட்டு, மறுக்கப்பட்டு, அதன் பிறகும் அங்கேயே வாழ வேண்டியிருந்தவரை 'அத்காஸ்னிக்' என்று அழைத்தார்கள். 1970, 80களில் பெரும்பாலும் யூதர்களைக் குறித்த சொல் இது. அவர்களே தங்களுக்குள் வைத்துக்கொண்ட பெயர்தான். "நீங்கள் எத்தனை வருடமாக மறுப்பில் இருக்கிறீர்கள்?" என்று, எந்தத் தெருவில் குடியிருக்கிறீர்கள் என்று கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்கள். சிலருக்கு இரண்டு வருடம், சிலருக்குப் பதினெட்டு வருடம்.

பாஸ்போர்ட் எடுத்து, டிக்கெட் வாங்கிக் கிளம்பியிருக்கலாமே?

நம் ஊரில் பாஸ்போர்ட் என்பதே வெளிநாடு போவதற்கான புத்தகம். சோவியத் குடிமகன் கையில் இருந்ததோ உள்நாட்டுப் பாஸ்போர்ட். எந்த நகரத்தில் குடியிருக்கலாம் என்பதைத் தீர்மானித்த அடையாள ஆவணம் அது. எல்லையைத் தாண்ட வேறொரு பாஸ்போர்ட்டும் வெளியேறும் விசாவும் வேண்டும். நீங்கள் போகிற நாடு உங்களை உள்ளே விடத் தருவது நுழைவு விசா. நீங்கள் பிறந்த நாடு உங்களை வெளியே விடத் தருவது வெளியேறும் விசா. இந்தப் போராட்டம் முழுவதும் அந்த இரண்டாவது விசாவைப் பற்றியது.

உள்நாட்டுப் பாஸ்போர்ட்டின் ஐந்தாம் வரியில் 'தேசிய இனம்' எழுதப்பட்டிருக்கும். ரஷ்யர், உக்ரைனியர், ஜார்ஜியர் என்பதுபோல 'யூதர்' என்றும் போடுவார்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவரா, மதச்சடங்கு செய்பவரா என்பதெல்லாம் அங்கே கணக்கில் வராது. பெற்றோரைப் பார்த்து எழுதுவார்கள், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளிகளை அரசு மூன்று பிரிவுகளாக வகைப்படுத்தியிருந்தது. அதை வைத்து யூதர்கள் தங்களை 'ஐந்தாம் பிரிவு ஊனமுற்றவர்' என்று கிண்டல் செய்துகொண்டார்கள்.

விண்ணப்பிப்பது அவ்வளவு கடினமா?

காகிதமே ஆயுதம் என்பதை இங்கேதான் புரிந்துகொள்ள வேண்டும். போகக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் வெளிப்படையாக எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை, விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய தாள்களே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டன.

முதலில் இஸ்ரேலில் உள்ள உறவினர் ஒருவரிடமிருந்து அழைப்புக் கடிதம் வர வேண்டும். குடும்பத்தை ஒன்றுசேர்ப்பது என்ற ஒரே காரணத்தைத்தான் அரசு ஏற்றுக்கொண்டது. 'இங்கே வாழப் பிடிக்கவில்லை' என்ற காரணத்துக்குப் படிவத்தில் இடமே கிடையாது. அங்கே உறவினர் இல்லாதவர்களுக்கும் திடீரென்று அத்தை, சித்தப்பா முளைத்தார்கள் என்பது இரு தரப்புக்கும் தெரிந்த ரகசியம். கடிதம் தபாலில் வர வேண்டும், பல கடிதங்கள் வந்து சேரவே இல்லை.

அடுத்து வேலை பார்க்கும் இடத்திலிருந்து நன்னடத்தைச் சான்று. அதைக் கேட்கப் போவதென்றால், "நான் இந்த நாட்டை விட்டுப் போகப் போகிறேன்" என்று மேலதிகாரியிடம் அறிவிப்பதாகிறது. உடனே கூட்டம் கூட்டுவார்கள். நேற்றுவரை ஒரே மேஜையில் தேநீர் குடித்த சக ஊழியர்கள் ஒவ்வொருவராக எழுந்து துரோகி என்று கண்டிப்பார்கள். எழாதவர் மீதும் சந்தேகம் விழும். அதோடு பலருக்கு வேலை போய்விடும். விண்ணப்பம் இன்னும் அலுவலக வாசலையே மிதித்திருக்காது.

பிறகு பெற்றோரின் ஒப்புதல். விண்ணப்பதாரருக்கு ஐம்பது வயதானாலும் சரி, பெற்றோர் உயிரோடு இருந்தால் தங்களுக்குப் பணப் பாக்கி எதுவும் இல்லை என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். முன்னாள் மனைவியோ கணவனோ இருந்தால் அவர்களும் தர வேண்டும். மகன் போனால் தன் கட்சிப் பதவி போகும் என்று பயந்த தந்தைகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள். இப்படிச் சொந்தக் குடும்பத்தாலேயே தடுக்கப்பட்டவர்கள் 'ஏழைச் சொந்தக்காரர்கள்' என்று ஒரு தனி வகையாகவே ஆகிப்போனார்கள்.

எல்லாம் சேர்ந்த பிறகு உள்துறையின் விசா, பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். ரஷ்யச் சுருக்கப் பெயரில் 'ஓவிர்'. அங்கே காத்திருப்பது மாதக்கணக்கு.

என்ன காரணம் சொல்லி மறுத்தார்கள்?

பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் சொன்னார்கள். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடத் தர மாட்டார்கள். மேல்முறையீடு செய்வதற்கு முதலில் ஓர் ஆணை வேண்டுமே!

அதிகம் பயன்பட்ட காரணம் 'அரசு ரகசியம்'. ராணுவ ஆய்வகத்தில் இருந்தவரைத் தடுத்தால் ஓரளவு புரிந்துகொள்ளலாம். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டவருக்கும், ரகசியம் அறிந்தவரின் மருமகளுக்கும் அதே காரணம் சொல்லப்பட்டது. ரகசியம் எத்தனை ஆண்டில் காலாவதியாகும் என்று கேட்டால் பதில் கிடையாது. 'உங்கள் வெளியேற்றம் அரசின் நலனுக்கு உகந்ததல்ல' என்பது இன்னொன்று, அதற்கு மறுமொழியே சொல்ல முடியாது. இப்படிக் காரணம் தெளிவில்லாமல் இருந்ததே முறையின் பலம் என்று நினைக்கிறேன். ஐந்து ஆண்டு காத்திருந்தால் விடுவார்கள் என்று தெரிந்தால் மனிதன் ஐந்து ஆண்டு பொறுத்துக்கொள்வான். தெரியாதபோது ஒவ்வொரு தபால்காரரும் நம்பிக்கையாகிறார், ஒவ்வொரு தபால்காரரும் ஏமாற்றமாகிறார்.

மறுக்கப்பட்ட பிறகு வாழ்க்கை எப்படி இருந்தது?

வேலை போய்விட்டது. சோவியத் சட்டத்தில் வேலை இல்லாமல் இருப்பதும் குற்றம். 'ஒட்டுண்ணி வாழ்க்கை' என்ற பிரிவில் வழக்குப் போடலாம். வேலையைப் பறித்தது அரசு, வேலை இல்லாததற்குத் தண்டிப்பதும் அரசு. அதனால் கணிதப் பேராசிரியர் மின்தூக்கி இயக்கினார், பொறியாளர் கட்டடக் கொதிகலனுக்குக் காவல் இருந்தார். தொலைபேசி துண்டிக்கப்பட்டது. பிள்ளைகள் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டால், மாணவருக்கான விலக்கு போய் ராணுவ அழைப்பு வந்தது. ராணுவத்துக்குப் போனால் 'ரகசியம் அறிந்தவர்' என்று மேலும் பல ஆண்டு தடை. போகவில்லை என்றால் சிறை.

இதில் ஒரு முரணும் உண்டு. இழக்க ஒன்றும் மிச்சமில்லாத மனிதனைப் பயமுறுத்துவது கடினம். விண்ணப்பம் கொடுக்கும்வரை அலுவலகத்தில் தலையாட்டிக்கொண்டு, வீட்டுக்குள் மட்டும் மெல்லிய குரலில் உண்மை பேசியவர்கள், மறுக்கப்பட்ட பிறகு வெளிநாட்டு நிருபர்களை அழைத்துப் பேசினார்கள். இவர்களில் பெரும்பாலோர் எதிர்ப்பாளர்களாகப் பிறந்தவர்கள் அல்லர், அந்த முத்திரை அவர்களுக்குக் கிடைத்தது ஓவிர் அலுவலக ஜன்னலில்தான்.

பணிநீக்கப்பட்ட விஞ்ஞானிகள் மூளை துருப்பிடிக்காமலிருக்க மாஸ்கோவில் வீடுகளிலேயே ஆய்வுக் கூட்டங்கள் நடத்தினார்கள். அலெக்சாண்டர் வொரோனெல், மார்க் அஸ்பெல் போன்ற இயற்பியலாளர்கள் இதை முன்னின்று நடத்தினார்கள். மேலை நாட்டு விஞ்ஞானிகள் சுற்றுலாப் பயணிகளாக வந்து அந்த வரவேற்பறைகளில் உரையாற்றினார்கள்.

கம்யூனிசம் யூத வெறுப்பை ஒழித்துவிட்டது என்றுதானே படித்தோம்? ஏன் போக விரும்பினார்கள்?

புரட்சிக்குப் பிறகான முதல் ஆண்டுகளில் ஜார் காலக் கட்டுப்பாடுகள் அகற்றப்பட்டதும், யூதர்கள் கல்வியிலும் பதவியிலும் வேகமாக முன்னேறியதும் உண்மை. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1948 ஜனவரியில் நாடகக் கலைஞர் சாலமன் மிகோயல்ஸ் மின்ஸ்க் நகரில் ரகசியப் போலீஸால் கொல்லப்பட்டார், வெளியே சாலை விபத்து என்றார்கள். 1952 ஆகஸ்டில் யூத எதிர்ப்பாசிசக் குழு வழக்கில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷ் மொழியின் எழுத்தாளர்கள் உட்பட 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். 1953 தொடக்கத்தில் யூத மருத்துவர்கள் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக ஒரு கதை புனையப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததால் வழக்கு கைவிடப்பட்டது.

அதன் பிறகு கொலை நின்றது, கதவு மட்டும் சாத்தியே இருந்தது. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை நுழைவுத் தேர்வில் யூத மாணவர்களுக்கென்றே தீர்க்க முடியாத அளவு கடினமான கணக்குகள் தனியாக வைக்கப்பட்டன. 'சவப்பெட்டிக் கணக்குகள்' என்று அவற்றுக்குப் பெயர். கீவ் நகருக்கு வெளியே பாபி யார் பள்ளத்தில் 1941 செப்டம்பரில் இரண்டே நாளில் 33,000-க்கும் மேற்பட்ட யூதர்களை நாஜிகள் கொன்றார்கள். 1976-இல் அங்கே எழுப்பப்பட்ட பெரிய நினைவுச் சின்னத்தில் 'சோவியத் குடிமக்கள்' என்றிருந்தது, யூதர் என்ற சொல் இல்லை. பாஸ்போர்ட்டில் மட்டும் அந்தச் சொல் தவறாமல் இருந்தது.

எப்போது தொடங்கியது?

1948-இல் இஸ்ரேலின் முதல் தூதராக கோல்டா மெயர் மாஸ்கோ யூதக் கோயிலுக்கு வந்தபோது பல்லாயிரம் பேர் தெருவில் திரண்டார்கள். அரசு அதிர்ந்தது. ஆனால் இயக்கமாக மாறியது 1967 ஜூனில் இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் நடந்த போருக்குப் பிறகு. மாஸ்கோ இஸ்ரேலுடன் தூதரக உறவை முறித்தது, யூதர்களுக்கெனத் தனி நாடு வேண்டும் என்ற கொள்கையான 'சியோனிசம்' பத்திரிகைகளில் வசைச் சொல்லாயிற்று. அதைப் படிக்கப் படிக்கப் பல யூதர்கள் தங்களை முதல் முறையாக யூதர்களாக உணர்ந்தார்கள்.

1969 ஆகஸ்டில் ஜார்ஜியாவின் 18 யூதக் குடும்பங்கள் ஐ.நா. மனித உரிமை ஆணையத்துக்கு ஒரு கடிதம் எழுதின. கீழே முழுப் பெயர், முழு முகவரி. கையெழுத்தில்லாத மனுக்களுக்குப் பழகிய நாட்டில் அது பெரிய துணிச்சல். கோல்டா மெயர் அதை இஸ்ரேல் நாடாளுமன்றத்தில் வாசித்தார். பிறகு கடிதங்கள் பெருகின.

விமானத்தைக் கடத்த முயன்றார்களாமே, அது உண்மையா?

உண்மை. 1970 ஜூன் 15, லெனின்கிராட் அருகே ஸ்மோல்னி விமான நிலையம். பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட சிறிய அன்டோனோவ்-2 விமானம். திட்டத்தின் பெயர் 'திருமணம்', ஏனென்றால் ஒரு திருமணத்துக்குப் போகும் உறவினர் கூட்டம்போல எல்லா டிக்கெட்டையும் அவர்களே வாங்கியிருந்தார்கள். வேறு பயணிகள் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் நோக்கம். இடையில் பிரியோசெர்ஸ்க் என்ற ஊரில் விமானிகளைக் கட்டி இறக்கிவிட்டு, குழுவில் இருந்த முன்னாள் ராணுவ விமானி மார்க் டிம்ஷிட்ஸ் ஸ்வீடனுக்கு ஓட்டிப் போவதாகத் திட்டம். தரையில் கிடத்தும் விமானிகளுக்குக் குளிராமலிருக்கப் படுக்கைப் பைகூட எடுத்து வந்தார்களாம்.

சோவியத் ரகசியப் போலீஸான கே.ஜி.பி.க்கு முன்பே எல்லாம் தெரியும். விமானத்தில் ஏறுவதற்குள் ஓடுபாதையிலேயே பிடித்துவிட்டார்கள். பிடிபடுவது உறுதி என்று அவர்களில் பலரே நினைத்திருந்தார்கள். உலகம் திரும்பிப் பார்த்தால் போதும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

டிசம்பர் 24 அன்று டிம்ஷிட்ஸுக்கும் எட்வர்ட் குஸ்னெத்சோவுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. குஸ்னெத்சோவின் மனைவி சில்வா சல்மான்சனுக்குப் பத்தாண்டு. பறக்காத விமானத்துக்கு மரண தண்டனையா என்று உலகெங்கும் குரல் எழுந்தது. அதே நாட்களில் ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ பாஸ்க் போராளிகளின் மரண தண்டனையைக் குறைத்தார். பிராங்கோவைவிடக் கொடியவர் என்ற பெயர் வாங்க மாஸ்கோவுக்கு விருப்பமில்லை. டிசம்பர் 31 அன்று இருவர் தண்டனையும் 15 ஆண்டுச் சிறையாக மாறியது.

என் கருத்தைக் கேட்டால், விமானக் கடத்தல் விமானக் கடத்தல்தான், எந்த நாட்டிலும் அது குற்றம். ஆனால் எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்தவனை மட்டும் விசாரிக்கும் நீதிமன்றம் பாதி வழக்கைத்தான் விசாரிக்கிறது.

இந்தக் குழுவில் யூதரல்லாத இருவரும் இருந்தார்கள், யூரி ஃபியோதரோவ், அலெக்ஸெய் முர்ஷென்கோ. யூதத் தோழர்களுக்காக உலகம் எழுப்பிய குரலில் இவர்கள் பெயர் மெல்லியதாகத்தான் கேட்டது. டிம்ஷிட்ஸும் குஸ்னெத்சோவும் 1979-இல் கைதிப் பரிமாற்றத்தில் வெளியே வந்த பிறகும் இவர்கள் இருவரும் உள்ளே இருந்தார்கள்.

'பட்டப்படிப்பு வரி' என்பது என்ன?

1972 ஆகஸ்டில் வந்த ஆணை. வெளியேறுபவர் தன் உயர்கல்விக்கு அரசு செய்த செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். பட்டத்தைப் பொறுத்துத் தொகை பத்தாயிரம் ரூபிளையும் தாண்டியது. ஒரு பொறியாளரின் மாதச் சம்பளம் 150 ரூபிள் அளவில் இருந்த காலம் அது.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம்போலத் தோன்றும். இலவசமாகப் படிக்கவைத்த நாட்டுக்குக் கடன் இல்லையா என்று நண்பர்கள் கேட்பார்கள். சொற்பச் சம்பளத்துக்குப் பல ஆண்டு வேலை வாங்கியதில் அந்தக் கடன் கழியவில்லையா என்பது என் எதிர்க் கேள்வி. அது வசூலிக்க வைத்த வரியாகவே எனக்குத் தோன்றவில்லை. கட்ட முடியாத தொகையைக் கேட்பது மறுப்பதற்கு இன்னொரு வழி.

அமெரிக்காவுடனான வணிக ஒப்பந்தத்துக்கு இது முட்டுக்கட்டையாகும் என்று தெரிந்ததும், 1973 மார்ச்சில் கட்சியின் உச்சக் குழுவான பொலிட்பீரோவின் கூட்டத்தில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் வசூலை நிறுத்தச் சொல்லி எரிச்சல்பட்டார். ஆணை ரத்தாகவில்லை, வசூல் மட்டும் நின்றது.

ஜாக்சன்–வானிக் திருத்தம் உதவியதா, கெடுத்ததா?

இரண்டும் சொல்லலாம். அமெரிக்க செனட்டர் ஹென்றி ஜாக்சனும் பிரதிநிதி சார்லஸ் வானிக்கும் அந்நாட்டு வணிகச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் இது. மக்களைச் சுதந்திரமாக வெளியேற விடாத கம்யூனிஸ்ட் நாடுகளுக்கு வணிகச் சலுகை இல்லை என்றது. 1975 ஜனவரி 3 அன்று அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டார். மாஸ்கோ கோபித்துக்கொண்டு வணிக ஒப்பந்தத்தையே கைவிட்டது. 1973-இல் ஏறக்குறைய 35,000 பேர் வெளியேறினார்கள், 1975-இல் சுமார் 13,000 பேர்தான்.

அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹென்றி கிஸ்ஸிஞ்சர் போன்றவர்கள் அமைதியான பேச்சுவார்த்தையே பலன் தரும் என்றார்கள், இந்தக் கணக்கு அவர்கள் பக்கம் பேசுகிறது. மறுக்கப்பட்டவர்களில் பலரோ திருத்தத்தை வரவேற்றார்கள். சோவியத் இயற்பியலாளரும் மனித உரிமைப் போராளியுமான ஆந்த்ரேய் சாகரோவும் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதி ஆதரித்தார். அமைதியான பேச்சுவார்த்தையில் யாரை விடுவது, யாரைப் பிடித்துவைப்பது என்பது கிரெம்ளினின் கையில் இருக்கும். சட்டம் அதை உரிமை என்று பெயர் சொல்லி அழைத்தது. எண்ணிக்கை குறைந்தாலும் இந்த வேறுபாடு பெரியது என்றே நினைக்கிறேன்.

எண்ணிக்கை ஏன் ஏறி ஏறி இறங்கியது?

1970 கணக்கெடுப்பில் சோவியத் யூதர்கள் சுமார் 21.5 லட்சம். 1979-இல் 51,000-க்கு மேல் வெளியேறினார்கள். ஆயுதக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் வேண்டியிருந்த ஆண்டு அது. டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் படை புகுந்தது, உறவு கெட்டது, கதவு சாத்தியது. 1984-இல் போனவர்கள் 900 பேர்கூட இல்லை. ஐந்தே ஆண்டில் யூதர்களின் விருப்பம் அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டதா என்ன?

ஷரான்ஸ்கி யார்?

அனதோலி ஷரான்ஸ்கி, 1948-இல் தோனெத்ஸ்க் நகரில் பிறந்த கணிதவியலாளர். 1973-இல் விண்ணப்பித்தார், மறுத்தார்கள். 1974 ஜூலை 4 அன்று அவித்தாலைத் திருமணம் செய்தார். அவித்தாலின் விசா மறுநாளே காலாவதியாகும் நிலை, அவர் இஸ்ரேல் புறப்பட்டார். கணவனும் சில மாதத்தில் வந்துவிடுவான் என்ற நம்பிக்கை. பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

ஆங்கிலம் சரளமாகப் பேசுவார் என்பதால் வெளிநாட்டு நிருபர்களுக்கு இவரே வாயாக இருந்தார். 1976-இல் இயற்பியலாளர் யூரி ஓர்லோவ் தொடங்கிய, சோவியத் மனித உரிமை மீறல்களைக் கண்காணித்த மாஸ்கோ ஹெல்சிங்கி குழுவிலும் சேர்ந்தார். 1977 மார்ச்சில் கைது. அதற்குச் சில நாள் முன்பு, ஒரே வீட்டில் தங்கியிருந்த மருத்துவ நண்பர் லிபாவ்ஸ்கி 'இஸ்வெஸ்தியா' நாளிதழில் இவரை அமெரிக்க உளவாளி என்று எழுதினார். தங்கள் உளவு நிறுவனத்துக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று அதிபர் கார்ட்டரே அறிவித்தும் பயனில்லை. 1978 ஜூலையில் 13 ஆண்டுத் தண்டனை. இறுதி வாக்குமூலத்தில் மனைவிக்கும் தன் மக்களுக்கும் "அடுத்த ஆண்டு ஜெருசலேமில்" என்ற பழைய வாழ்த்தைச் சொன்னார். நீதிமன்றத்துக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று முடித்துக்கொண்டார்.

தனிமைச் சிறையில் மனத்துக்குள்ளேயே சதுரங்கம் ஆடினார். கடிதங்களைத் தடுத்ததை எதிர்த்து 1982-இல் தொடங்கிய உண்ணாவிரதம் நூறு நாளைக் கடந்தது, வலுக்கட்டாயமாக உணவு ஊட்டினார்கள்.

1986 பிப்ரவரி 11 அன்று மேற்கு பெர்லினையும் கிழக்கு ஜெர்மனியையும் இணைத்த கிளீனிக்கே பாலத்தில் விடுதலை. அதற்கு முன் மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு காட்சி. மனைவி அனுப்பிய, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய சின்னஞ்சிறு புத்தகத்தை அதிகாரிகள் பிடுங்கிக்கொண்டார்கள். அது கைக்கு வரும்வரை நகர மாட்டேன் என்று பனியில் படுத்துவிட்டார். கொடுத்துவிட்டார்கள். கிழக்கு பெர்லினில் இறங்கியதும், "நேராக அந்தக் காருக்கு நடந்து போ" என்றார்கள். கே.ஜி.பி. சொல்லி எதையும் செய்வதில்லை என்று முடிவு செய்திருந்தவர் வளைந்து வளைந்து நடந்தார். கொடுத்த கால்சட்டை அளவில் பெரியது, கயிற்றால் கட்டியிருந்தது. பாலத்தைக் கடக்கும்போது அது நழுவப் பார்த்ததாம்.

பால்கனியில் பதாகை கட்டியதற்காக நாடு கடத்தினார்களா?

ஆம், ஆனால் நாட்டுக்கு வெளியே அல்ல, சைபீரியாவுக்கு. போக விடுங்கள் என்று கேட்டவர்களை எதிர்த் திசையில் இன்னும் உள்ளே அனுப்பினார்கள்.

பொருளாதார நிபுணர் இடா நூடெல் 1971-இல் விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர். சிறையில் இருந்த தோழர்களுக்கெல்லாம் கடிதமும் பொட்டலமும் அனுப்பி அவர்களைத் தாயைப்போலப் பார்த்துக்கொண்டார். 1978 ஜூனில் தன் வீட்டுப் பால்கனியில் 'கே.ஜி.பி.யே, என் விசாவைக் கொடு' என்று எழுதித் தொங்கவிட்டார். குற்றம் 'போக்கிரித்தனம்'. நான்கு ஆண்டு சைபீரியாவில் கிரிவோஷெய்னோ கிராமம். திரும்பி வந்தபோது மாஸ்கோவில் குடியிருக்க அனுமதி இல்லை, மால்டோவாவின் பெண்டெரியில் தங்கினார்.

அதே மாதம் கார்க்கி தெருவில் விளாதிமிர் ஸ்லெபாக்கும் மனைவி மரியாவும் 'இஸ்ரேலில் இருக்கும் எங்கள் மகனிடம் போக விடுங்கள்' என்று எழுதிக் கட்டினார்கள். மேல் மாடியிலிருந்து வெந்நீர் ஊற்றினார்கள். ஸ்லெபாக்குக்கு ஐந்து ஆண்டு, மங்கோலிய எல்லைப் பக்கம். அவருடைய தந்தை பழம்பெரும் போல்ஷெவிக். மகனுக்கு லெனின் நினைவாகவே விளாதிமிர் என்று பெயர் வைத்தவர், மகன் விண்ணப்பித்ததும் உறவை முறித்துக்கொண்டார்.

நூடெலுக்கும் ஸ்லெபாக்குக்கும் 1987 அக்டோபரில் விசா கிடைத்தது.

எபிரேயம் கற்பிப்பது குற்றமா?

சட்டப் புத்தகத்தில் இல்லை. இட்டிஷ் மொழியில் அரசே ஓர் இதழ் நடத்தியது. எபிரேயம் மட்டும் மதமும் சியோனிசமும் கலந்த மொழி என்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஆசிரியராகப் பதிவு செய்யப் போனால் அப்படி ஒரு தொழில் பட்டியலில் இல்லை என்பார்கள். பதிவு இல்லாமல் கற்பித்தால் 'ஒட்டுண்ணி'. யோசிஃப் பெகுன் இதற்காகவும் இதைச் சுற்றியும் மூன்று முறை சிறை, நாடு கடத்தல் கண்டார். யூலி எடெல்ஸ்டீன் மீது 1984-இல் போதைப் பொருள் வழக்கைப் புனைந்தார்கள். இதே எடெல்ஸ்டீன் பின்னாளில் இஸ்ரேல் நாடாளுமன்ற சபாநாயகரானார்.

சதுரங்க வீரர்களும் உண்டா?

உண்டு. போரிஸ் குல்கோ 1977 சோவியத் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டவர், மனைவி அன்னா அக்ஷருமோவா மகளிர் சாம்பியன். 1979-இல் விண்ணப்பித்தார்கள். ஏழு ஆண்டு, ஒரு கிராண்ட் மாஸ்டரின் நல்ல வயது, உண்ணாவிரதத்திலும் ஆர்ப்பாட்டத்திலும் போயிற்று. 1986-இல் விட்டார்கள். குல்கோ பின்னர் அமெரிக்க சாம்பியனானார். பொதுப் பிரிவில் இரு நாட்டுப் பட்டமும் வென்றவர் அவர் ஒருவர்தான்.

எல்லோரும் ஒரே குரலில் பேசினார்களா?

இல்லை. சாகரோவ் வழியில் நாட்டையே மாற்ற வேண்டும் என்ற ஜனநாயகவாதிகளோடு சேரலாமா என்பதே பெரிய சண்டை. "நாங்கள் போகிறவர்கள், உங்கள் வீட்டைச் செப்பனிடுவது எங்கள் வேலை அல்ல" என்ற தரப்புக்கு ஆதரவு அதிகம். ஷரான்ஸ்கி இரண்டு பக்கமும் நின்றார், அதற்காகத் தன் தரப்பிலேயே கண்டனம் வாங்கினார். போக முடியாத லட்சக்கணக்கானவர்களுக்கு இங்கேயே மொழியும் பண்பாடும் வேண்டும் என்ற மூன்றாவது குழுவும் இருந்தது.

எல்லோரும் இஸ்ரேலுக்கே போனார்களா?

விசா இஸ்ரேலுக்கு, ரயில் வியன்னாவுக்கு. அங்கே இறங்கியதும் பலர் வழியை மாற்றிக்கொண்டு, ரோம் அருகே லாடிஸ்போலி என்ற கடற்கரை ஊரில் காத்திருந்து அமெரிக்கா போனார்கள். 1970களின் இறுதியில் பாதிக்கு மேற்பட்டோர் இப்படித்தான். இஸ்ரேல் அரசுக்கு இது கசப்பு. ஆனால் போகும் உரிமைக்காகப் போராடியவனிடம், "இந்த இடத்துக்குத்தான் போக வேண்டும்" என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் போய்க் குடியேறிய மண்ணில் பாலஸ்தீனர்கள் இல்லையா?

இருந்தார்கள், இருக்கிறார்கள். மனித உரிமைப் பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு, எந்த நாட்டையும் விட்டு வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பி வரவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. சோவியத் யூதர்கள் அந்த வாக்கியத்தின் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். பாலஸ்தீன அகதிகள் இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாதியை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்துபவர்கள் இரு பக்கமும் உண்டு. பின்னாளில் அரசியலுக்கு வந்த ஷரான்ஸ்கியின் நிலைப்பாடுகளோடு எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் பல. அதனால் சிஸ்தபோல் சிறையில் அவர் இருந்த ஆண்டுகள் நியாயமாகிவிடாது.

யூதர்கள் மட்டுமா?

இல்லை. வோல்கா ஜெர்மானியர், ஆர்மீனியர், பெந்தெகொஸ்தே கிறிஸ்தவர்களும் கேட்டார்கள். சைபீரியாவிலிருந்து வந்த பெந்தெகொஸ்தே குடும்பத்தினர் ஏழு பேர் 1978-இல் மாஸ்கோ அமெரிக்கத் தூதரகத்துக்குள் ஓடிப் புகுந்து, ஏறத்தாழ ஐந்து ஆண்டு அதன் அடித்தளத்திலேயே வாழ்ந்தார்கள்.

எப்போது முடிந்தது?

1987 டிசம்பர் 6 அன்று, கோர்பச்சேவ் வாஷிங்டன் வருவதற்கு முந்தைய நாள், அங்கே சுமார் 2,50,000 பேர் ஊர்வலம் போனார்கள். கதவு அதற்கு முன்பே மெல்லத் திறக்கத் தொடங்கியிருந்தது. 1989-இல் 70,000 பேர், 1990-இல் இஸ்ரேலுக்கு மட்டும் 1,80,000-க்கு மேல். வெளியேறும் உரிமையைச் சொல்லும் சோவியத் சட்டம் 1991 மே மாதம் நிறைவேறியது, நடைமுறைக்கு வர வேண்டிய நாள் 1993 ஜனவரி 1. அந்த நாள் வந்தபோது சோவியத் ஒன்றியம் இல்லை.

காத்திருந்த எல்லோரும் போய்ச் சேர்ந்தார்களா?

கர்னல் யெஃபிம் டவிடோவிச் நாஜிகளை எதிர்த்துப் போரிட்டுப் பதக்கங்கள் பெற்றவர். விண்ணப்பித்ததும் பதவிப் பட்டமும் ஓய்வூதியமும் பறிபோயின. 1976-இல் மின்ஸ்கில் மாரடைப்பால் இறந்தார்.

கணிதவியலாளர் நவூம் மெய்மன் எப்போதோ செய்த கணக்கீடுகளைக் காட்டி அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் மனைவி இன்னாவுக்குக் கழுத்தில் புற்றுநோய். வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பல முறை கேட்டும் விடவில்லை. 1987 ஜனவரியில் அவரை மட்டும் விட்டார்கள். வாஷிங்டன் போய்ச் சேர்ந்த மூன்று வாரத்தில் இன்னா இறந்தார். அடக்கத்துக்குப் போக மெய்மனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவருடைய விசா அடுத்த ஆண்டு வந்தது.